ஆக்டேவியா டீசலா, 320டியா, க்ரூஸா? 10 லட்சத்துக்குள் செகண்ட் ஹேண்ட் செடான், உதவி தேவை

கொங்குச் சாலை (கேட்டவர்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வேலை ஓசூரில், குடும்பம் கோவையில். வாராவாரம் சேலம், தொப்பூர், கிருஷ்ணகிரி வழியாகப் போய் வருகிறேன். ஓசூருக்குள் ஓடுவதையும் சேர்த்தால் மாதம் ஏறக்குறைய 3,000 கி.மீ. ஆகிவிடும். இப்போது ஓட்டுவது 1.3 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக். நல்ல வண்டிதான், ஆனால் மேட்டில் லாரியைத் தாண்டும்போது மூச்சு வாங்குகிறது. பெண் குழந்தை பிறந்த பிறகு, தாண்டுவதை சீக்கிரம் முடித்துவிட்டு என் லேனுக்குத் திரும்பும் வண்டிதான் வேண்டும் என்று தோன்றுகிறது. எஸ்யூவி வேண்டாம். தாழ்வாக, சாலையைப் பிடித்து ஓடும் செடான்தான் எனக்குப் பிடிக்கும்.

பெயர் மாற்றம், முதல் சர்வீஸ் எல்லாம் சேர்த்து மொத்தம் 10 லட்சம். இதுவரை மூன்று வண்டி கண்ணில் பட்டிருக்கிறது.

கோவையில் ஒரு கார் கன்சல்டிங்கில் 2016 ஸ்கோடா ஆக்டேவியா 2.0 டிடிஐ (டீசல்) மேனுவல் நிற்கிறது. இரண்டாவது ஓனர், மீட்டரில் 98,000 கி.மீ., 8.25 லட்சம் சொல்கிறார்கள். அடுத்தது 2014 பிஎம்டபிள்யூ 320டி, டெல்லிப் பதிவு, 62,000 கி.மீ., 8.5 லட்சம். மூன்றாவது என்னுடன் வேலை செய்யும் ஒரு அண்ணனின் 2013 செவர்லே க்ரூஸ் மேனுவல், 1,10,000 கி.மீ. எனக்காக 4 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார்.

மனசு 320டி பக்கம் போகிறது, வீட்டில் ஆக்டேவியா என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய டீசல்

தம்பி, முதலில் அந்த டெல்லி வண்டியைப் பேசிவிடுவோம். அங்கே டீசல் கார் பத்து ஆண்டுக்கு மேல் ஓடக்கூடாது என்று தடை இருந்தது, 2025இல்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடை அது, 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருந்தது. வயதாகும் டீசல்கள் அங்கிருந்து தெற்கே வருவதற்கும், விலை குறைவாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம். நீங்கள் பார்க்கும் 8.5 லட்சம் முழு விலை அல்ல. டெல்லி ஆர்டிஓவிலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, தமிழ்நாட்டு நம்பர் எடுக்க வேண்டும். அந்தச் செலவு எவ்வளவு என்று உங்கள் ஆர்டிஓவில் கேட்டுவிட்டு விலையைப் பேசுங்கள். 2014 வண்டியின் 15 ஆண்டுப் பதிவும் 2029இல் முடிந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஓட்டுவதற்கு அந்த மூன்றில் 320டிதான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 184 எச்பி, 380 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கும் திறன்), பின் சக்கர இழுவை, எட்டு கியர் இசட்எஃப் ஆட்டோமேட்டிக். 100 கி.மீ. வேகத்தை 7.6 விநாடியில் தொடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆனால் 2014இல் அதில் இருப்பது என்47 எஞ்சின். அதன் டைமிங் செயின் (வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் சங்கிலி) எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. ஆரம்ப கால என்47களில் செயின் தேய்ந்து அறுந்த கதைகள் உலகம் முழுக்க உண்டு. பிற்பாடு வந்தவற்றில் தொல்லை குறைந்தது உண்மைதான். ஆனாலும் செயினைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கியாக வேண்டும். வேலைக் கூலி அங்கேதான் ஏறுகிறது. 2016 முகமாற்றத்தில் 190 எச்பி பி47 எஞ்சின் வந்தது. அது உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் நல்ல நிலையில் கிடைக்காது.

இன்னொன்று. 2018இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. இஜிஆர் கூலரில் (எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கூலன்ட் கசிந்து கரியோடு சேர்வதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, அங்கேயும் ஐரோப்பாவிலும் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். எந்த 320டி வாங்கினாலும் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, பாக்கி ரீகால் இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் உபயோகத்துக்கு என் ஓட்டு ஆக்டேவியாவுக்கு. 143 எச்பி, 320 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவல். தொப்பூர் ஏற்றத்தில் நான்காவது கியரில் போட்டு மிதித்தால் போதும். பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து திறப்பதால் குழந்தையின் தள்ளுவண்டியை மடிக்கக்கூட அவசியம் இருக்காது. ஆனால் நீங்கள் பார்த்த அந்த ஒரு ஆக்டேவியா நல்லதா என்பது தனிக் கேள்வி. பத்து வருடம் ஆகப் போகிற டீசலில் மாடலை விட, அதை யார் எப்படி வைத்திருந்தார்கள் என்பதுதான் முக்கியம். பில் இல்லாத ஆக்டேவியாவை விட பில் இருக்கும் க்ரூஸ் மேல்.

அவிநாசி ரோடு

டீசல் எதற்கு? அதே ஆக்டேவியா 1.8 பெட்ரோல் எடுத்தால் 180 எச்பி. விலையும் பெரிதாக மாறாது.

கொங்குச் சாலை (கேட்டவர்)

அதையும் போட்டுப் பார்த்தேன் ப்ரோ. டீசல் லிட்டருக்கு 17 கி.மீ. கொடுத்தால் மாதம் ஏறக்குறைய 176 லிட்டர், 92 ரூபாய் கணக்கில் 16,000 சொச்சம். 1.8 பெட்ரோல் 12.5 கொடுத்தால் 240 லிட்டர், 101 ரூபாய் கணக்கில் 24,000 தாண்டும். மாதம் 8,000 வித்தியாசம். இதைவிடக் குறைவாக ஓட்டுபவனாக இருந்தால் பெட்ரோலே எடுத்திருப்பேன். ஆக்டேவியா ஆட்டோமேட்டிக்கில் வரும் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் பற்றி இணையத்தில் படித்ததும் பயமாக இருந்தது, அதனால் மேனுவலாகத் தேடுகிறேன்.

பழைய டீசல்

டிஎஸ்ஜி பயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது, மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். அதிகம் பெயர் கெட்டது ஏழு கியர், உலர் கிளட்ச் டிஎஸ்ஜி. 1.8 பெட்ரோலில் வந்தது அது. 2.0 டீசலில் இருப்பது ஆறு கியர், எண்ணெயில் ஊறும் கிளட்ச். நம் ஊர் வெயிலையும் நெரிசலையும் இது நன்றாகவே தாங்கும். ஒவ்வொரு 60,000 கி.மீ.க்கும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதற்கு பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக் கிடைத்தால் அதற்காகவே ஒதுக்கிவிடாதீர்கள்.

க்ரூஸ் காதலன்

யாருமே க்ரூஸ் பற்றிப் பேசவில்லையே! 2012க்குப் பிறகு வந்த மேனுவல் 166 எச்பி, 360 நியூட்டன் மீட்டர். 4 லட்சத்துக்கு இந்த இழுவை வேறு எதில் கிடைக்கும்? 2,000 ஆர்பிஎம் வரை சும்மா இருக்கும், அப்புறம் முதுகை சீட்டோடு அழுத்திவிடும். நான் வருடக்கணக்காக வைத்திருக்கிறேன், விற்க மனசே வரவில்லை. செவர்லே 2017 கடைசியில் இங்கே விற்பனையை நிறுத்தியது உண்மை. ஆனாலும் ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், பெல்ட் மாதிரி அடிக்கடி மாற்றும் சாமான் கிடைக்கிறது. மீதிப் பணத்தை பேங்கில் போடுங்கள்.

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி

க்ரூஸ் நல்ல வண்டிதான் தம்பி, நான் மறுக்கவில்லை. வீட்டில் இன்னொரு கார் நிற்பவருக்கு நானே வாங்கச் சொல்வேன். இவர் வாராவாரம் நெடுஞ்சாலையில் ஓட வேண்டியவர். முன்பக்கம் இடிபட்டு ஒரு ஹெட்லைட், ஒரு ஃபெண்டர், ஒரு கண்ட்ரோல் யூனிட் தேவைப்பட்டால் அதற்காகக் காத்திருக்க முடியாது.

ஆக்டேவியாவைப் பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். காலையில் போங்கள், போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். டீசலின் நோயெல்லாம் ஆறிய எஞ்சினில்தான் தெரியும். ஸ்டார்ட் ஆனதும் முதல் அரை நிமிடம் காதைக் கொடுங்கள். கிளட்சை மிதித்து விடும்போது கியர்பாக்ஸ் பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (எஞ்சின் அதிர்வை உள்வாங்கும் சக்கரம்) போய்விட்டது என்று அர்த்தம். கிளட்சோடு சேர்த்து மாற்ற வேண்டிவரும், சின்னச் செலவில்லை. சாலையில் ஐந்தாவது கியரில் 60இல் போய்க்கொண்டே முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

இந்த எஞ்சின்களை ரீமேப் செய்து, அதாவது கம்ப்யூட்டர் புரோக்ராமை மாற்றி சக்தியைக் கூட்டி, ஓட்டியவர்கள் நிறைய. பிறகு பழைய புரோக்ராமை ஏற்றி விற்றுவிடுவார்கள். மைலேஜுக்குப் பொருந்தாத அளவுக்குக் கிளட்ச் தேய்ந்திருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் பாகம்) ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு திருப்பி விட வேண்டும். ஸ்கேனர் போட்டால் எரர் கோடு மட்டும் பார்க்காமல், வெவ்வேறு யூனிட்டுகளில் பதிந்திருக்கும் கி.மீ.யையும் மீட்டரோடு ஒப்பிடுங்கள்.

சென்னையில் ஓடிய வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்க வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், தண்ணீர் நின்ற கோடும் சேறும் அங்கே தங்கும். கார்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஷாம்பூ வாஷ் செய்தவர்கள் அதுவரை போக மாட்டார்கள்.

கொங்குச் சாலை (கேட்டவர்)

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடியே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஆக்டேவியாவைப் பார்த்தேன். ஓட்ட அருமையாக இருந்தது. சத்தம் இல்லை, புகை இல்லை. ஆனால் பதிவு எண்ணை வைத்து சர்வீஸ் வரலாற்றை விசாரித்தபோது, 2021லேயே 1,21,000 கி.மீ.யில் ஒரு சர்வீஸ் பதிவாகியிருக்கிறது. இன்றைக்கு மீட்டரில் 98,000! கன்சல்டிங்கில் கேட்டால் "முந்தின ஓனர்தான் செய்திருப்பார், எங்களுக்குத் தெரியாது, வேண்டுமானால் 40,000 குறைக்கிறோம்" என்கிறார்கள். எஞ்சின் நன்றாக இருக்கும்போது அந்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பழைய டீசல்

வேண்டாம். இது 1,60,000 ஓடியிருந்தால்கூட கெட்ட வண்டி ஆகிவிடாது, சரியாகப் பராமரித்தால் அதற்கு மேலும் ஓடும். ஆனால் இப்போது உண்மையான கணக்கு யாருக்கும் தெரியாது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது, ஆயில் எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை மாறியது என்று எதையும் நம்ப முடியாது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அந்தச் செலவை 40,000 ஈடு கட்டாது. விட்டுவிட்டு வாருங்கள்.

கொங்குச் சாலை (கேட்டவர்)

விட்டுவிட்டேன். 320டியையும் கேட்டுப் பார்த்தேன். என்ஓசி இன்னும் எடுக்கவில்லை, "முழுப்பணம் கொடுத்தால் ஏற்பாடு செய்கிறோம்" என்றார்கள். அதையும் ஒதுக்கியாகிவிட்டது.

இப்போது ஈரோட்டில் இன்னொரு ஆக்டேவியா கிடைத்திருக்கிறது. 2018 ஆம்பிஷன் டீசல் மேனுவல், ஒரே ஓனர், 1,14,000 கி.மீ. அவரே ஓட்டிய வண்டி. எல்லா பில்லும் ஃபைலில் இருக்கிறது, சர்வீஸ் வரலாறும் மீட்டரும் பொருந்துகிறது. கிளட்ச் சரி, இன்ஜெக்டர் ரிட்டர்ன் நாலும் சமம். டைமிங் பெல்ட் மட்டும் இன்னும் மாற்றவில்லை, டயர் நாலும் தேய்ந்திருக்கிறது. 10.4 லட்சம் கேட்கிறார். பட்ஜெட்டைத் தாண்டுகிறதே, என்ன செய்யலாம்?

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி

நீங்கள் தேடிய வண்டி இதுதான் தம்பி. விலை பேசும்போது வண்டியைக் குறை சொல்லாதீர்கள், அப்படி வைத்திருந்தவருக்கு மனசு நோகும். பெல்ட் கிட், வாட்டர் பம்ப், நாலு டயர் மூன்றுக்கும் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வையுங்கள். நியாயமான மனிதர் என்றால் அந்தத் தொகையில் பாதிக்கு மேல் இறங்கி வருவார். மீதியை உங்கள் 10 லட்சத்துக்கு மேல் போட்டாலும் பரவாயில்லை, முதல் வருடத்திலேயே செலவு மிச்சமாகும். வாங்கின கையோடு பெல்ட், வாட்டர் பம்ப், டீசல் ஃபில்டர், எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அதற்கு முன்னால் ஓசூருக்கு எடுத்துப் போக வேண்டாம். தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் மூன்றாவது, நான்காவது கியரில் விட்டு இறங்குங்கள்.

காகித வேலையும் முக்கியம். படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து. அவர் லோனில் வாங்கியிருந்தால் ஆர்சியில் ஹைப்போதிகேஷன் (கடன் அடமானப் பதிவு) நீங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேங்க் கடிதத்தோடு படிவம் 35. பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுங்கள். அவருடைய ஃபாஸ்டேகை அவரே மூடிவிட்டாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் டோல் எல்லாம் அவர் கணக்கில் போகும்.

கொங்குச் சாலை (கேட்டவர்)

கொட்டேஷனைக் காட்டினேன். 9.85க்குச் சம்மதித்தார், பழைய பில் ஃபைலையும் இரண்டாவது சாவியையும் கையில் கொடுத்துவிட்டார். முன்பணம் கொடுத்தாச்சு. சனிக்கிழமை வண்டி நேராகப் பெல்ட் மாற்றப் போகிறது.