வெற்று வானம் என்று நம்பி ஏமாந்த கதை

ஓரியன் என்ற விண்வெளி வாயு மேகத்தில் அணுநிலைக் கார்பனை (தனி அணுவாக இருக்கும் கார்பனை) வரைபடமாக்கப் போயிருந்தோம். அது உமிழும் 492 கிகாஹெர்ட்ஸ் நிறமாலைக் கோட்டைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடும். அதனால்தான் சிலியின் அட்டகாமா பாலைவனம், 4800 மீட்டர் உயரம். தலைக்கு மேலுள்ள நீராவி மொத்தத்தையும் நீராக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 2 என்று காட்டினால் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம்.

மூன்றாம் இரவு 0.4. அடித்தது யோகம் என்று உட்கார்ந்தால், நிறமாலையில் கார்பன் கோட்டின் மேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளம். ரிசீவர்தான் கோளாறு என்று ஒயர் ஒயராகக் கழற்றி மாட்டினோம். பள்ளம் அப்படியே இருந்தது. விடியும் நேரத்தில்தான் உறைத்தது: மேகத்தின் அளவீட்டிலிருந்து பின்னணியைக் கழிப்பதற்காக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ‘வெற்று’ இடத்திலேயே கார்பன் மங்கலாக ஒளிர்கிறது! கார்பன் மோனாக்சைடு வரைபடத்தில் அங்கே ஒன்றும் இல்லை என்பதை நம்பித் தேர்ந்தெடுத்த இடம் அது.

* * *

இன்னொருவர் சொல்வது: எனக்கு வேறு மாதிரி. விண்மீனின் புற ஊதா ஒளி படும் பக்கம் கார்பன் அயனி, உள்ளே மோனாக்சைடு, நடுவில் வெங்காயத்தோல் போல நடுநிலைக் கார்பன் (அதே அணுநிலைக் கார்பன்தான்) என்று படித்துவிட்டு, வரைபடத்தில் விளிம்பைத் தேடினேன். வந்ததோ, மேகத்தின் உட்பகுதியைக் காட்டும் கார்பன்-13 மோனாக்சைடு (சற்றுக் கனமான கார்பன் கொண்டது) வரைபடத்தின் அச்சு நகல். தவறான கோப்பைத் திறந்துவிட்டேன் என்று மூன்று முறை சரிபார்த்தேன்.

1998-இல் ஃபூஜி மலையுச்சியில் நிறுவிய 1.2 மீட்டர் தொலைநோக்கி இதை ஏற்கெனவே காட்டியிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. மேகம் கட்டி கட்டியாக இருப்பதால் இடுக்குகள் வழியே ஒளி ஆழம்வரை நுழைகிறது என்பார்கள். காஸ்மிக் கதிர்கள் மோனாக்சைடை உடைப்பதும் உண்டு. மேகம் இளசு, கார்பன் இன்னும் மோனாக்சைடாக மாறி முடியவில்லை என்ற விளக்கமும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது முதலாவதுதான்.

* * *

மூன்றாமவர் சொல்வது: என்னுடையது சுத்த அசட்டுத்தனம். அணுநிலைக் கார்பனின் இன்னொரு கோடான 809 கிகாஹெர்ட்ஸுக்கும் 492-க்கும் உள்ள ஒளிர்வு விகிதத்தை வைத்து வெப்பநிலை கணக்கிட்டேன். மேகத்தில் ஆங்காங்கே சூடான முடிச்சுகள்! ஒரே தொலைநோக்கித் தட்டில் இரண்டையும் பார்த்தால் 809-இன் பார்வைப் புள்ளி சிறியது. அதை மங்கலாக்கி 492-க்குச் சமமாக்கிய பிறகே வகுக்க வேண்டும். சமமாக்கினேன். முடிச்சுகளில் பாதி காணாமல் போயின. கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டிருந்தேன்.