மறுமொழி: ‘பிளெயின் பேக்கேஜிங்’ – ‘சீருறை’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சிகரெட் பெட்டிகள் நிறுவனத்தின் சின்னமும் நிறமும் இன்றி ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்னும் ‘பிளெயின் பேக்கேஜிங்’ விதியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழையில் இதுவரை வந்த மடல்களை ஒரே மூச்சில் மறுபடி படித்தேன். வெற்றுறை, எளிய பொதி, தரப்படுத்திய பொதி, மொட்டை உறை, அடையாளம் நீக்கிய உறை ஆகியவை முன்வைக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதிவிடலாம் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். என் முன்மொழிவு ‘சீருறை’. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன் பெட்டியையே ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுவோம். ‘பிளெயின்’ என்ற சொல்லைப் பார்த்துப் பெயர் வைத்தால் தவறான இடத்தில்தான் போய் நிற்போம்.

இந்த விதியை முதலில் கொண்டுவந்த நாடு ஆஸ்திரேலியா. சட்டம் 2011இல் நிறைவேறியது. 2012 டிசம்பர் 1 முதல் கடைகளில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மெல்பர்னிலிருந்து ஊருக்கு வந்திருந்த உறவினர் ஒருவரிடம் இருந்த பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். சேற்றுநீர் காய்ந்தது போன்ற பழுப்பு நிறம். விரலால் தடவினால் வழவழப்பே இல்லை. முன்பக்கத்தில் முக்கால் பங்குக்கு நோயின் படமும் எச்சரிக்கையும்; பின்பக்கத்தில் பத்தில் ஒன்பது பங்கு. முன்பக்கத்துப் படத்துக்குக் கீழே சிகரெட்டின் பெயர் இருந்தது. அதுவும் சட்டம் சொன்ன ஒரே எழுத்துருவில், 14 புள்ளிக்கு மேற்படாத அளவில். அதன் கீழே வகைப்பெயர் 10 புள்ளியில். பெட்டியின் விளிம்பை வளைக்கக் கூடாது, சரிவாக வெட்டக் கூடாது. உள்ளே சுற்றியிருக்கும் தாள் எந்த நிறத்தில் இருக்கலாம் என்பது வரை விதியில் உண்டு.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ‘வெற்றுறை’யை முன்வைத்தவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘வெற்றுக் காகிதம்’, ‘வெற்றுக் காசோலை’ போல ‘வெற்றுறை’ என்றால் எவருக்கும் உடனே விளங்கும்.

விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். வெற்றுக் காசோலையில் எதுவும் எழுதியிராது. இந்தப் பெட்டியிலோ இடமே மிச்சமில்லை. அழுகிய கால், புற்று அரித்த வாய் என்று பெரும்பகுதியைப் படம் அடைத்துக்கொண்டிருக்கிறது. ‘வெற்றுறைச் சட்டம் வந்தது’ என்று செய்தித்தாளில் படிப்பவர், எச்சரிக்கைப் படங்களைக்கூட எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். பொருளுக்கு நேர் எதிரான படத்தை மனத்தில் எழுப்பும் சொல் நமக்கு வேண்டாம்.

‘எளிய பொதி’ என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் வேறு. தமிழில் எளிமை ஒரு பாராட்டு. எளிய உணவு, எளிய வாழ்வு என்று நல்லவற்றுக்கே அந்த அடைமொழியைத் தருகிறோம். ஆளைக் கொல்லும் ஒரு பொருளின் உறைக்கு அதைத் தரக் கூடாது. சட்டத்தில் வரும் சின்னச் சொல்லில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. புகைப்பவர்களிடமே காட்டி, எந்த நிறம் மிகவும் கவர்ச்சியற்றது என்று ஆராய்ந்து அந்தப் பழுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். தொடக்கத்தில் அரசு அதை ‘ஆலிவ் பச்சை’ என்று குறிப்பிட்டது. ஆலிவ் சாகுபடியாளர்களின் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது: தங்கள் விளைபொருளின் பெயரை இந்தப் பெட்டியோடு சேர்க்கலாமா என்று. அதன்பின் ‘களையற்ற கரும்பழுப்பு’ என்னும் பொருள்படப் பெயர் மாறியது. நிறத்தில் துளி மாற்றம் இல்லை. பெயர் மட்டுமே மாறியது. அவர்கள் கேட்டது நியாயம்தான். கெட்ட பொருளோடு நல்ல சொல்லைக் கட்டிவிட்டால் இரண்டில் ஒன்று கறைபடும்.

‘தரப்படுத்திய பொதி’யில் இதே ஆபத்து இன்னும் கூடுதல். பிரிட்டனும் சிங்கப்பூரும் தம் சட்டங்களில் ‘ஸ்டாண்டர்டைஸ்டு’ என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டன. அதன் நேர்பெயர்ப்பு இது என்பதை அறிவேன். ஆனால் தமிழ் வாசகருக்குத் தரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தரமான சரக்கு. முத்திரை குத்திய அரிசி, தரச்சான்று பெற்ற எண்ணெய் ஆகியவற்றின் வரிசையில் ‘தரப்படுத்திய சிகரெட் பொதி’ என்று வந்தால் அரசு சோதித்துச் சான்று தந்ததாகவே படும். இலங்கை நண்பர் எழுதிய இன்னொரு காரணத்தையும் தமிழ்நாட்டு நண்பர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டும் என்றாக்கிய முறைக்கு அங்கே ‘தரப்படுத்தல்’ என்றே பெயர். ஒரு தலைமுறையின் படிப்பைக் குலைத்த சொல் அது. அந்த வடுவின் மேல் இன்னொரு பொருளை ஏற்றச் சொல்லி நாம் கேட்க முடியாது.

‘மொட்டை உறை’யைப் பரிந்துரைத்த ஐயாவின் செவிக்கூர்மையை மதிக்கிறேன். ‘மொட்டைக் கடிதம்’ என்ற வழக்கை நினைத்து அமைத்திருக்கிறார். தலைப்புச் செய்தியில் நறுக்கென்று இருக்கும். ஆனால் மொட்டைக் கடிதத்தில் எழுதியவர் பெயர் இருக்காது. இந்தப் பெட்டியில் பெயர் இருக்கிறது. ‘அடையாளம் நீக்கிய உறை’யிலும் அதே சிக்கல் உண்டு, கூடவே ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. சிகரெட் நிறுவனங்கள் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் வைத்த வாதமே அதுதான்: வணிகச்சின்னம் எங்கள் சொத்து, அரசு அதைப் பறித்துக்கொண்டது, எனவே இழப்பீடு தர வேண்டும். 2012 ஆகஸ்டில் ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக அந்த வாதம் தள்ளுபடியானது. பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்ததால் அரசின் கைக்கு எந்தச் சொத்தும் வந்து சேரவில்லை என்பது பெரும்பான்மையின் கருத்து. உலக வணிக அமைப்புக்கும் வழக்கு போனது. 2018இல் நடுவர் குழுவும் 2020இல் மேல்முறையீட்டு அமைப்பும் ஆஸ்திரேலியாவின் பக்கமே நின்றன. இவ்வளவுக்குப் பிறகு நாம் வைக்கும் தமிழ்ப்பெயரே ‘நீக்கிய’, ‘பறித்த’ என்று தோற்றவர்களின் வழக்கைப் பேசக் கூடாது.

ஆங்கிலச் சொல்லையே எழுதலாம் என்ற கருத்துக்கு ஒரு பத்தி போதும். பஸ்ஸும் டிக்கெட்டும் மக்கள் கையில் புழங்கி நிலைத்த சொற்கள். இந்தப் பெட்டியைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ‘பிளெயின்’ என்றால் இங்கே பலருக்கு விமானம்; இலங்கையில் பால் விடாத தேநீர். வருவதற்கு முன்பே நல்ல பெயர் சூட்டிவைக்க வாய்ப்பிருக்கும்போது அதை நழுவ விடுவானேன்?

சரி, சீருறைக்கு வருகிறேன். பள்ளியில் சீருடை எதற்காக? பட்டுச் சட்டை போட்டு வரும் பிள்ளையும் கிழிந்த சட்டையோடு வரும் பிள்ளையும் ஒரே தோற்றத்தில் வகுப்பில் உட்கார வேண்டும் என்பதற்காக. பெயர் தனித்தனி, உடை ஒன்று. இந்தச் சட்டம் செய்வதும் அதுவே. விலையுயர்ந்த சிகரெட்டும் மலிவான சிகரெட்டும் ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில், ஒரே வடிவில் நிற்கின்றன. பெயர் மட்டும் தனித்தனி. சீர் + உடை சீருடை ஆனது போல, சீர் + உறை சீருறை. புணர்ச்சி இயல்பானது, மூன்றே எழுத்து, முதல்முறை கேட்பவரும் சீருடையை நினைத்துப் பொருளை எட்டிவிடுவார். பிரான்சில் 2017 முதல் நடப்பிலுள்ள இதே விதிக்கு ‘நடுநிலைப் பெட்டி’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் வழங்குகிறது. ஆங்கிலத்தின் நிழலில் ஒதுங்காமல் அவரவர் மொழியில் யோசித்துப் பெயர் வைப்பதற்கு அதுவும் ஒரு முன்னுதாரணம்.

நிறத்துக்கும் எழுத்துக்கும் ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்று கேட்ட இளைய நண்பருக்காகக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் ‘சீர்’ என்ற பகுதியின் தேவை இதில்தான் இருக்கிறது. ‘லைட்’, ‘மைல்டு’ என்ற சொற்கள் கேடு குறைந்த சிகரெட் என்ற பொய் நம்பிக்கையை வளர்த்தன. வடிகட்டியில் ஊசிமுனைத் துளைகள் இட்டிருப்பார்கள். அளக்கும் இயந்திரம் இழுக்கும்போது அவற்றின் வழியே காற்று புகுந்து புகை நீர்த்துப்போகும்; தார் குறைவாகப் பதிவாகும். மனிதரோ அந்தத் துளைகளை விரலாலும் உதட்டாலும் மூடிக்கொண்டு, இன்னும் ஆழமாக இழுப்பார். நாடுகள் ஒவ்வொன்றாக அந்தச் சொற்களைத் தடை செய்தன. அமெரிக்காவில் 2010 ஜூனில் தடை வந்தது. சொல் போன இடத்தில் நிறம் வந்து உட்கார்ந்தது. ‘மார்ல்பரோ லைட்ஸ்’ ‘மார்ல்பரோ கோல்ட்’ ஆயிற்று. வெளிர்நிறப் பெட்டியைப் பார்த்தவர் பழைய ‘லைட்’ என்றே வாங்கினார். ஆஸ்திரேலியாவில் நிறத்தையும் எடுத்த பிறகு, வகைப்பெயர்களில் நிறங்களின் பெயர் ஏறியது. அதனால்தான் அங்கே 2023இல் இன்னொரு சட்டம் செய்து, கேட்டைக் குறைத்துக் காட்டும் பெயர்களையும் கட்டுப்படுத்தினார்கள். ஒரு வாசலை அடைத்தால் அடுத்த வாசலைத் தேடும் வணிகம் இது. எனவே எல்லாக் கூறுகளும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த விதியின் உயிர். ‘வெற்று’, ‘எளிய’, ‘மொட்டை’ எதிலும் அது இல்லை.

எதிர்பார்க்கும் மறுப்புகள் இரண்டு.

சீருறை, சீருடை இரண்டும் ஓரெழுத்து வேறுபாடு. அச்சில் குழம்பும், எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் சீருடையாக மாற்றிவிடும் என்பது முதலாவது. இதைத்தான் நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். ஆயினும் சிகரெட்டைப் பற்றிய வாக்கியத்தில் சீருடைக்கு வேலை இல்லை. தவறி அச்சாகிவிட்டாலும் வாசகருக்குத் தெரிந்துவிடும். மென்பொருளின் சொற்பட்டியலில் சேர்க்க வேண்டியது நம் குழுவிலேயே இருக்கும் கணித்தமிழ் நண்பர்களின் பொறுப்பு.

‘சீர்’ என்பதற்கும் சிறப்பு, செழிப்பு என்ற நல்ல பொருள் உண்டே, எளிமையை மறுத்த நீங்கள் இதை எப்படி ஏற்கலாம் என்பது இரண்டாவது. தனியே நிற்கும்போது அந்தப் பொருள் உண்டு. ஆனால் சீருடையிலும் ‘சீரான வேகம்’ என்பதிலும் நமக்குத் தோன்றுவது ஒரே மாதிரி என்ற பொருள் மட்டுமே. சீருறையும் சீருடையின் தடத்திலேயே காதில் விழும்.

‘உறை’ போதுமா, ‘பெட்டி’ வேண்டாமா என்றும் ஒரு கேள்வி வந்தது. சட்டம் அட்டைப்பெட்டியோடு நிற்கவில்லை. மேலே சுற்றிய கண்ணாடித் தாள், உள்தாள், சுருட்டுக்கும் தூள் புகையிலைக்கும் உரிய பைகள் எல்லாம் அதில் அடங்கும். தலையணைக்கும் கடிதத்துக்கும் வாளுக்கும் பொருந்துகிற ‘உறை’தான் இத்தனையையும் தாங்கும்.

உறைக்குள் அடங்காத ஒன்று இருக்கிறது. நம் பெட்டிக்கடைகளில் பாக்கெட்டாக வாங்குபவர் குறைவு. கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார்; வாங்கியவர் அங்கே தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவார். பாக்கெட்டின் இரு பக்கமும் 85 விழுக்காடு எச்சரிக்கை வேண்டும் என்று 2016 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விதி இருக்கிறது. அந்தப் படம் கடைக்காரரின் கைக்குள்ளேயே இருந்துவிடுகிறது. ஒவ்வொரு சிகரெட்டின் மேலும் எச்சரிக்கை அச்சிடும் முறையைக் கனடா 2023இல் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் புதிய சட்டத்திலும் அது உண்டு. சில்லறை விற்பனை மலிந்த நம் ஊருக்குத்தான் அந்த விதி முதலில் வந்திருக்க வேண்டும். அதற்குத் தனிச்சொல் தேவை. ‘தாள்மேல் எச்சரிக்கை’ என்று ஒரு நண்பர் சொன்னது எனக்கு நிறைவாக இல்லை. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

கலைச்சொல் பட்டியலுக்கு என் வரைவு இது:

சீருறை – புகையிலைப் பொருள்களின் உறை, நிறுவனத்தின் சின்னமும் நிறமும் இன்றி, சட்டம் வகுத்த ஒரே நிறத்திலும் எழுத்துருவிலும் வடிவிலும், நலவாழ்வு எச்சரிக்கையோடு அமைவது. சீருறைச் சட்டம், சீருறை விதிகள், சீருறையாக்கம், சீருறையிடு என்று சொல் வளரும்.

புழக்கத்தில் வைத்துப் பார்க்க மூன்று வாக்கியங்கள் தருகிறேன். ‘சிகரெட்டுகளுக்குச் சீருறை: சட்ட முன்வரைவு தாக்கல்.’ ‘சீருறையில் அல்லாது எந்தப் புகையிலைப் பொருளையும் விற்றல் கூடாது.’ ‘எல்லாமே சீருறையில் இருப்பதால் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.’ முதலாவது செய்தித்தாள், அடுத்தது சட்டம், கடைசி கடைவாசல். மாற்றுச் சொல் முன்வைப்பவர்கள் அதை இந்த மூன்று வாக்கியங்களிலும் பொருத்தி எழுதுங்கள்.

சிங்கப்பூர் நண்பர்களின் கருத்தை நான் குறிப்பாக எதிர்பார்க்கிறேன். அங்கே தமிழ் ஆட்சிமொழி. 2020 ஜூலை 1 முதல் இந்த விதியும் நடப்பில் இருக்கிறது. நமக்கு இது இன்னும் பட்டியலில் ஏறும் சொல், அவர்களுக்கு அன்றாடம் கடையில் கண்ணில் படும் பொருள். வீட்டிலும் கடையிலும் அந்தப் பெட்டியை இப்போது என்ன சொல்லி அழைக்கிறார்கள்? அவர்கள் வாயில் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருந்தால், சீருறையை விட்டுவிட்டு அதையே பட்டியலில் ஏற்ற நான் உடன்படுகிறேன்.

அன்புடன்