சென்னைக் கோவளம் முதல் மண்டபம் வரை கயாக்கில்: போய்ச் சேர்ந்தவர்கள் சொல்லுங்கள்

உப்புக்காற்று:
நண்பனும் நானும் பொங்கல் முடிந்த கையோடு கோவளத்தில் கயாக்கை, துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகை, இறக்கினோம், மாசியில் மண்டபம் போய்ச் சேர்ந்தோம். எல்லோரும் துடுப்புப் போட்ட கதையைத்தான் கேட்கிறார்கள். துடுப்பு யாரும் போடலாம், கொஞ்ச நாளில் தோள் பழகிவிடும். இந்தக் கரையில் உண்மையான வேலை சாயங்காலம் கரை ஏறுவதுதான்.

சோழமண்டலக் கரையில் ஒதுங்க வளைகுடா ஏதும் கிடையாது. அலை நேராக வந்து மணலில் உடையும். பின்னாலிருந்து தூக்கும்போது கயாக்கின் மூக்கு லேசாகத் திரும்பினாலும் போதும், பக்கவாட்டில் புரட்டிவிடும். புதுச்சேரிக்கு வடக்கே இன்னும் மோசம். துறைமுகச் சுவர் மணலைத் தடுத்ததில் கரை அரித்துப்போய், ஊருக்கு ஊர் கல் கொட்டியிருக்கிறார்கள். கடலுக்குள் நீட்டிக் கட்டிய அந்தக் கல் சுவர்களுக்கு, தூண்டில் வளைவுகளுக்கு, நடுவில் மிஞ்சிய மணலைத் தேடித்தான் ஒதுங்க வேண்டும்.

கடலூருக்குத் தெற்கே ஓர் ஊரில் அலை உடையும் இடத்துக்கு வெளியே தயங்கி நின்றோம். கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, தோள் துண்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களைத் தாண்டிப் போய் உடைந்தன. கடைசி அலை போனதும் துண்டைச் சடாரென்று இறக்கினார். அந்த அலையின் முதுகைப் பிடித்துக்கொண்டே துடுப்புப் போட்டு மணலில் முட்டினோம். முன்கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் போட்டவரும் அவர்தான். “ஏன் தம்பி, அலைய எண்ணத் தெரியாமத்தான் கடலுக்கு வந்தீங்களா?” என்று ஒரு அதட்டல். அப்புறம் சோறும் சங்கரா மீன் குழம்பும் வந்தன.

மறுநாள் விடிவதற்குள் அடுத்த ஊரிலிருக்கும் தன் மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அந்த மச்சான் அவருக்குத் தெரிந்தவரிடம் சொன்னார். இப்படியே கைமாறிக் கைமாறி வேளாங்கண்ணி தாண்டும்வரை எங்களுக்காக யாராவது ஒருவர் கரையில் நின்றார். “தெண்டி கிளம்புறதுக்குள்ள கோடியக்கரையத் தாண்டிடுங்க” என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் அந்த நீரோட்டம் பிடித்துக்கொண்டால், எவ்வளவு துடுப்புப் போட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

கோடியக்கரையில் கரை மேற்கே திரும்பியதும் கடலே வேறு. பாக் நீரிணையில் அந்த உடையலை இல்லை. பதிலுக்குச் சேறும் கடற்புல்லும். சுக்கானில் புல் சுற்றிக்கொள்ளும், இறங்கி எடுத்தால் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரம் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் பக்கத்தில் வருவேனா என்கிறது. அதற்கப்புறம் சொல்ல அதிகமில்லை. தொண்டி, தேவிப்பட்டினம், வெயில்.

மண்டபத்தில் கரை ஏறியபோது நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்தார். சென்னையிலிருந்து வருகிறோம் என்றதும், “வீட்டுல சொல்லிட்டுத்தானே வந்தீங்க?” என்று கேட்டார். ஐந்து மீட்டர் கயாக்கை எந்தப் பேருந்தும் ஏற்றிக்கொள்ளாது. கடைசியில் ஒரு மீன் லாரிக்காரர் ஐஸ் பெட்டிகளுக்கு மேல் கட்டி ஊர் கொண்டுவந்து சேர்த்தார். நாற்றம் இன்னும் போகவில்லை.

நாகைக்காரன்:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல்தான். கயாக்கில் வருபவர்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல பிள்ளைகள், ஆனால் கொடியைக் கவனிப்பதில்லை. மூங்கில் கழியில் கறுப்புத் துணி மிதந்தால் கீழே வலை கிடக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் சுக்கானைப் போட்டு இழுத்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய பிழைப்பு போச்சு. விசைப்படகு இருட்டில் உங்களைப் பார்க்கவே பார்க்காது, விடிந்த பிறகு இறங்குங்கள். துண்டு தூக்கிய பெரியவர் ஒருவர்தான் என்று நினைக்காதீர்கள், எங்கள் ஊரிலும் அப்படி நாலு பேர் இருக்கிறார்கள். கிட்டே வரும்போது ஒரு சத்தம் கொடுத்தால் போதும்.

பாம்பன் பக்கம்:
மண்டபத்தோடு நிறுத்தாமல் தூத்துக்குடி வரை போனவன் நான். பாம்பன் பாலத்துக்கடியில் ஓட்டம் பலமாக இருக்கும், தண்ணீர் அடங்கும் நேரத்தை உள்ளூர் ஆட்களிடம் கேட்காமல் நுழையாதீர்கள். அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. மணல் வெள்ளையாக மின்னுகிறதே என்று தீவுகளில் இறங்கிவிடக் கூடாது. 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி வேண்டும். கிளம்புவதற்கு முன்பே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திடம் பெயரும் பாதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இலங்கை பக்கத்திலேயே இருப்பதால் விசாரணை எப்படியும் வரும். கடிதத்தின் நகலை நனையாத பையில் மேலாக வைத்திருந்தேன், மூன்று இடத்தில் அதைக் காட்டித்தான் தப்பித்தேன். அவசரத்துக்குக் குழுமத்தின் எண் 1093.