இரவு 10 மணிக்கு மேல் பிங் 400: உதவி தேவை

சத்துவாச்சாரிக்காரன்:
எனக்கு 38 வயது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூட நண்பர்கள் நான்கு பேர் வாரத்தில் மூன்று இரவுகள் கவுன்டர் ஸ்டிரைக் 2 என்ற இணையத் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடுகிறோம். ஒருவன் ஆம்பூர், ஒருவன் ஓசூர், ஒருவன் ஷார்ஜா. 2004-இல் தோட்டப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஆடிய அதே நால்வர்தான். இப்போது கைவேகம் போய்விட்டது. ஆட்டத்தைவிடப் பேச்சுதான் அதிகம்.

மகள் தூங்கி, வீட்டு வேலை ஓய்ந்து நான் உட்காரும்போது மணி 10 ஆகிவிடும். முதல் சில நிமிடங்கள் பிங், அதாவது தகவல் ஆட்டத்தின் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 18, 20 மில்லி விநாடி என்று ஒழுங்காக இருக்கும். பிறகு திடீரென்று 350, 400. சுவரோரம் எட்டிப் பார்க்கிறேன், எதிரே யாருமில்லை. அடுத்த நொடி நான் செத்துக் கிடக்கிறேன். 11.30 வரை இதே கதை. ஞாயிறு பகலில் ஆடினால் ஒரு குறையும் இல்லை.

இணைய இணைப்புக்காரரைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை மதியம் வந்து வேகத்தைச் சோதித்தார். "50 எம்பிபிஎஸ் வருகிறதே சார், வேறென்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ரவுட்டரை அணைத்துப் போட்டதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வெறுத்துப்போய்ப் பாதி ஆட்டத்தில் இரண்டு முறை வெளியேறினேன். முதலில் 30 நிமிடத் தடை, அடுத்து 2 மணி நேரத் தடை. காலை 7.40 பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவனுக்கு இது போதாதா?

மக்கன்பேடா:
மடிக்கணினி சூடாகிறதா என்று பாருங்கள். வேலூர் வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை இரவு 11 மணிக்கும் அடுப்பு மாதிரிதான் இருக்கும். என்னுடையது மே மாதத்தில் இப்படித்தான் திணறியது. அடியில் இரண்டு தீப்பெட்டிகளை வைத்துத் தூக்கி நிறுத்தினேன், சரியாகிவிட்டது.

பாலாற்று மணல்:
இணைப்பை மாற்றுங்கள். வேறு வழியே இல்லை. அதுவரைக்கும் பிங்கைக் குறைக்கும் செயலி ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டிப் பாருங்கள்.

வாலாஜா அக்கா:
தம்பி, பணம் எதுவும் கட்டாதீர்கள். நான் பதினோரு ஆண்டுகளாக நெட்வொர்க் வேலையில் இருக்கிறேன். அந்தச் செயலிகள் செய்வது வெளியே போகும் பாதையை மாற்றுவது மட்டும்தான். அடைப்பு வீட்டுக்குள் இருந்தால் அவற்றால் ஒரு பயனும் கிடையாது.

சூடும் காரணமல்ல. சூடேறினால் படம் விட்டுவிட்டு ஓடும், பிங் எண் 400-க்குத் தாவாது. தீப்பெட்டி யோசனை நல்லதுதான், வேறொரு நோய்க்கு.

தூரமும் காரணமல்ல. இந்த ஆட்டத்துக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் இருக்கிறது. வேலூரிலிருந்து சென்னை சாலை வழியாகச் சுமார் 140 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும். போய்த் திரும்ப ஒன்றரை மில்லி விநாடிகூட ஆகாது. உங்கள் 20-இல் பெரும்பங்கு வழியில் உள்ள நெட்வொர்க் பெட்டிகள் எடுத்துக்கொள்வது. 400 ஆகிறது என்றால் உங்கள் தகவல் எங்கோ வரிசையில் நிற்கிறது என்று பொருள்.

எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்போம். இன்றிரவு கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட், அதாவது கட்டளை தட்டும் கருப்புத் திரை, இரண்டைத் திறந்துவையுங்கள். ஒன்றில் உங்கள் ரவுட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் ஓடட்டும். இன்னொன்றில் வெளியே 8.8.8.8-க்கு, அது கூகுளின் முகவரி, ஓடட்டும். நீங்கள் நிறுத்தும்வரை ஓடும்படி விடுங்கள். எத்தனை மணிக்கு எண் தாவுகிறது என்று எழுதிவையுங்கள். உங்கள் திட்டத்தில் பதிவேற்ற வேகம் எவ்வளவு என்றும் சொல்லுங்கள். பதிவிறக்கம் வேண்டாம், அதை அவர் ஏற்கெனவே பெருமையாகக் காட்டிவிட்டார்.

குடியாத்தம் கைலி:
எனக்கு 44. நானும் ஆடுகிறேன். இரவில் குழந்தை எழுந்தால் ஓட வேண்டியிருக்கும் என்பதால் கேஷுவல் முறையோடு நிறுத்திக்கொண்டேன். அதில் பாதியில் போனாலும் தடை கிடையாது. போட்டி முறையில் மட்டும்தான் இந்தத் தண்டனை.

சத்துவாச்சாரிக்காரன்:
அக்கா, சொன்னபடி செய்தேன். அம்மா எட்டிப் பார்த்து, கருப்புத் திரையில் எண்கள் ஓடுவதைக் கண்டு, "இது சீட்டாட்டம் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

ரவுட்டருக்குப் போகும் பிங் இரவு முழுவதும் 1 அல்லது 2. வெளியே போவது 10.07 வரை 19. பிறகு 60, 180, 390. 11.40-க்கு மறுபடியும் 19. பதிவேற்றம் 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 லட்சம் பிட்) என்று ரசீதில் போட்டிருக்கிறது. வைஃபைதான் கோளாறோ என்று 15 மீட்டர் கேபிள் ஒன்று வாங்கலாமா?

வாலாஜா அக்கா:
கேபிள் வேண்டாம். ரவுட்டர்வரை 2 என்றால் வைஃபை சுத்தமாக இருக்கிறது. உங்கள் வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் இடையில்தான் நெரிசல்.

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் ரவுட்டர் பெட்டி அனுப்பக் காத்திருக்கும் தகவலை 250 கிலோபைட் வரை வரிசையில் வைத்துக்கொள்கிறது என்று கொள்வோம். ஒரு பைட் 8 பிட், ஆக அது 20 லட்சம் பிட். வாசல் வழியே நொடிக்கு 50 லட்சம் பிட்தான் வெளியேறும். 20-ஐ 50-ஆல் வகுத்தால் 0.4 நொடி. அதுதான் உங்கள் 400. நம் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் லாரிகளுக்குப் பின்னால் சிக்கிய சைக்கிள்காரன் நீங்கள். ஆட்டத்தின் தகவல் மிகச் சிறியது. ஆனால் முன்னால் நிற்கும் லாரி நகர்ந்தால்தான் அதற்கு வழி.

யாரோ 10.07-க்கு எதையோ பெரிதாக வெளியே அனுப்பத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் எது சார்ஜில் போடப்படுகிறது?

சத்துவாச்சாரிக்காரன்:
மனைவியின் கைபேசி! சமையலறை மேடையை ஒதுக்கிவிட்டு 10 மணிக்குத்தான் சார்ஜில் போடுவாள். இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் ஏறும்போதும் வைஃபை இருக்கும்போதும் மட்டும் படங்களை இணையத்தில் ஏற்றிக் காப்பெடுக்கும்படி அமைத்திருக்கிறது. மகளின் பள்ளி ஆண்டு விழா, 41 காணொளிகள், ஒவ்வொன்றும் பூசணிக்காய் கனம். தினமும் கொஞ்சம் போகிறது, 11.40-க்கு அவள் படுக்கையறைக்கு எடுத்துப் போகும்போது நின்றுவிடுகிறது, மறுநாள் தொடர்கிறது. பத்து நாளாக இணைப்புக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

காப்பை நிறுத்திவிடட்டுமா?

வாலாஜா அக்கா:
நிறுத்தினால் ஆண்டு விழா படங்கள் தொலைந்த அன்று உங்களுக்கு வேறு தடை விழும், 2 மணி நேரத்தோடு முடியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பேண்ட்வித் கன்ட்ரோல், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் வேக வரம்பு போடும் வசதி, இருக்கிறதா பாருங்கள். அந்தக் கைபேசிக்கு மட்டும் பதிவேற்ற வரம்பு 2 எம்பிபிஎஸ் என்று போட்டால் போதும். மிச்சம் 3 உங்களுக்குத் தாராளம். நண்பர்களோடு பேசும் குரலையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஷார்ஜா நண்பர் உங்கள் குழுவில் இருப்பதால் சில நாள் துபாய் சர்வரில் போய் விழலாம். ஆட்டத்தின் அமைப்பில் ஏற்கத்தக்க உச்ச பிங் என்றொரு எண் உண்டு. அதைக் குறைத்துவையுங்கள். ஆனால் அவருக்கும் ஆட இடம் வேண்டும், பேசி முடிவெடுங்கள்.

பாலாற்று மணல்:
இணைப்பை மாற்றச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் 10 மணிக்கு மேல் இதே கூத்து. மாடியில் மாமனாரின் கைபேசி.

சத்துவாச்சாரிக்காரன்:
வரம்பு போட்டாயிற்று. நேற்று 10.15 முதல் 11.20 வரை பிங் 24-ஐத் தாண்டவில்லை. 13-4 என்று தோற்றோம்.

ஒரு பின்விளைவு: 2 எம்பிபிஎஸ்ஸில் காணொளிகள் ஆமை வேகத்தில் போகின்றன. இன்னும் 26 மிச்சம் என்று காலையில் காட்டியது. "உன் ஆட்டத்துக்காக என் படத்தை நிறுத்தினாயா?" என்று மனைவி கேட்டாள். ஆகவே வியாழன், வெள்ளி இரண்டு இரவும் வரம்பை எடுத்துவிடுகிறேன், ஆட்டம் கிடையாது. சனிக்கிழமை 10 மணிக்கு ஆம்பூர்க்காரனுக்கும் ஓசூர்க்காரனுக்கும் சொல்லிவிட்டேன். ஷார்ஜாக்காரனுக்கு அப்போது மணி 8.30. இட்லி சாப்பிட்டுக்கொண்டே வருவான்.