கிட்னிக்காக ஜெபித்துவிட்டுத் திரும்பிய நாள்

பிறருடைய உடல் தேவைக்காக மட்டுமல்ல, உள்ளத்தின் தேவைக்காகவும் ஜெபிப்பதைப் பற்றி மூவர் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்திலிருந்து ஒரு சகோதரர்:

எங்கள் சபையில் நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் குழுவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவருக்காக, சிறுநீரகம் சீராக வேண்டும், சிகிச்சைக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்று வழக்கம்போல் ஜெபித்து ஆமென் சொன்னதும், அவர் என் கையை விடாமல், "வாறவங்க எல்லாரும் கிட்னிக்கு ஜெபிச்சிட்டுப் போறாங்க, தம்பி. எங்க அண்ணன்கூட பேசிப் பத்தொன்பது வருசமாச்சு. அதுக்கு ஒரு ஆளும் ஜெபிக்கல" என்றார். வரப்புத் தகராறில் தொடங்கிய பகை. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதற்காக ஜெபிக்காமலே வீடு திரும்பினேன்.

அன்றிரவு வேதாகமத்தில் அப்போஸ்தலனாகிய பவுலின் நிருபங்களில் (கடிதங்களில்) உள்ள ஜெபங்களை மட்டும் தேடித் தேடி வாசித்தேன். கொலோசெயர் முதல் அதிகாரத்தில் அவர் விசுவாசிகளுக்காக ஆவிக்குரிய ஞானத்தையும் நீடிய சாந்தத்தையும் கேட்கிறார். எபேசியர் 3ஆம் அதிகாரத்தில் அவர்களுடைய உள்ளான மனுஷன், அதாவது உள்ளம், பலப்பட வேண்டும் என்று முழங்கால்படியிடுகிறார். 6ஆம் அதிகாரத்தில் தமக்காக ஜெபிக்கச் சொல்லும்போதுகூட, சங்கிலியில் கட்டுண்டிருந்த அவர் விடுதலையைக் கேட்காமல், சுவிசேஷத்தைத் தைரியமாய்ப் பேசும் வாக்கைத்தான் கேட்கிறார். (ஆனால் பிலேமோன் என்ற விசுவாசிக்கும் அவர் வீட்டில் கூடும் சபையாருக்கும் எழுதும்போது, அவர்களுடைய ஜெபத்தினால் அவர்களிடம் வந்து சேர முடியும் என்று நம்புவதாகவும் அவரே சொல்கிறார். ஆகவே சரீரத் தேவைக்கான ஜெபத்தை நான் தாழ்வாகச் சொல்லமாட்டேன்.)

மறுவாரம் அந்தப் பெரியவரிடம், "என்னவென்று ஜெபிக்கட்டும், ஐயா?" என்று கேட்டேன். அண்ணன் மனம் மாற வேண்டும் என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். தம்முடைய கசப்பு நீங்க வேண்டும் என்றார். பிறகு அவர் தொலைபேசியில் அழைத்தபோது அண்ணன் பேசாமலே துண்டித்துவிட்டார். ஆயினும் அதன்பின் ஒரு நாளும் அந்த வரப்பைப் பற்றி அவர் என்னிடம் பேசவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி:

இப்படிப் பிறருடைய உள்ளத்தின் காரியங்களுக்காக ஜெபிப்பதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில், ஒரு அக்கா என்னிடம் தனியே அழுது சொன்ன குற்றவுணர்வை, பெயர் சொல்லாவிட்டால் போதும் என்று நினைத்து, சத்தமாக ஜெபித்துவிட்டேன். கூட்டத்தில் இருபது பேருக்கும் யாரென்று புரிந்துவிட்டது. அந்த அக்கா பல மாதங்கள் ஆலயத்துக்கே வரவில்லை. காய்ச்சலைக் கூட்டத்தில் சொல்லலாம். ஒருவருடைய ஆத்துமாவின் காயத்தை அவருடைய அனுமதி இல்லாமல் சொல்வது, ஜெபத்தின் பெயரில் நடக்கும் புறணிதான். இப்போது அத்தகைய காரியங்களை வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு மட்டுமே ஜெபிக்கிறேன். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்த அக்கா காப்பி கொடுத்தார்கள், பேசவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய்:

என் மகன் கல்லூரிக்குப் போனபின் ஆலயத்தை விட்டுவிட்டான். முதலில் அவன் ஞாயிற்றுக்கிழமை எழுந்து வர வேண்டும் என்றே ஜெபித்தேன். யோசித்துப் பார்த்தால், அது அவனுக்காக அல்ல, சபையார் கேட்கும் கேள்விகளிலிருந்து நான் தப்பிப்பதற்காகத்தான். சீஷனாகிய பேதுரு தம்மை மறுதலிக்கப்போவதை அறிந்தும் இயேசு அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கே வேண்டிக்கொண்டார் என்று லூக்கா 22ஆம் அதிகாரத்தில் வாசித்தபின், என் ஜெபத்தின் வார்த்தைகளை மாற்றிக்கொண்டேன். அவனிடம் இதைச் சொல்லவில்லை. சென்ற மாதம் அவனாகவே கேட்டான்: "அம்மா, இப்பல்லாம் ஏன் சர்ச்சுக்கு வான்னு கூப்பிடுறதில்ல?"