ஒரு பிள்ளை படும் பாட்டைப் பார்த்தும் கேட்காமல் வந்த நாள் உங்களுக்கும் உண்டா?

பாம்பன் மதினி:
போன வருஷம் நடந்தது, இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. கடல்பாசி எடுக்கப் போகும் வீடுகள் எப்படி என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு. தகப்பன் இலங்கைச் சிறையில். தாய் விடியும் முன்னே மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போய்விடுவாள். புளி வாங்கலாம் என்று போனேன். மூணு வயசுப் பையன் கட்டில் காலோடு கட்டிக் கிடந்தான். நைலான் வலைக்கயிறு. கணுக்காலில் பழைய சேலைத் துணியைச் சுற்றி, அதற்கு மேல்தான் முடிச்சு. கால் அறுபடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட்டது. என்னைக் கண்டு அவன் அழவில்லை. காலை நீட்டிக் காட்டினான். "அம்மா வந்துரும்டா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவிழ்த்துவிட்டால் கடல் பக்கம் ஓடிவிடுவான், பழி என் தலையில் விழும் என்று பயம்.

தொண்டி தம்பி:
மதினி, அவிழ்க்காமல் வந்தது தப்புதான். அதற்காக அந்தத் தாயையும் சும்மா விடக் கூடாது, போலீஸில் சொல்லியிருக்க வேண்டும். என் விஷயம் வேறு. எங்கள் மீன் ஏலக்கூடத்தில் விடியக்காலம் நாலு மணிக்கு ஒரு பையன் ஐஸ் உடைப்பான். ஆறாம் வகுப்பு படிக்க வேண்டிய வயசு. ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்தேன். விரல் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் கிளாஸை அணைத்துக்கொண்டு, குடிக்காமல் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு நின்றான். படகு முதலாளி சம்மாட்டியிடம் கேட்டேன். "சொந்தக்காரப் பையன்தான்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் என் வலைக்கு முன்பணம் கொடுத்தவர் அவர்.

மண்டபம் பாசிக்காரி:
தம்பி, சம்மாட்டியை விட்டுவிட்டீர்கள், கயிறு கட்டியவள் மேல் மட்டும் போலீஸா? நானும் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பிய்த்தவள்தான். அங்கன்வாடி திறக்கும் நேரத்தில் நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்போம். என் மகளைப் பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்துக்கொண்டார். ஆச்சி செத்த வாரம் நானும் கயிறு தேடினேன். கட்டவில்லை. ஆனால் கையில் எடுத்தேன்.

தேவிபட்டினம் டீச்சர்:
என் வகுப்பில் ஒரு பிள்ளை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, ஆண்கள் எல்லாரும் கரையில் இருந்த ஏப்ரல் மாதம். மணி அடித்த பிறகும் வகுப்பைக் கூட்டிக்கொண்டே இருப்பாள். கூட்டிய இடத்தையே மூன்றாம் முறை கூட்டியபோதுதான் விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்துச் சொன்னாள். சொந்தக்காரன்தான்.

வீட்டார் வேண்டாம் என்றார்கள், ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்கலாம் என்றார்கள். நான் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தேன். எல்லாரும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, சந்தேகம் வந்தாலே தகவல் சொல்ல வேண்டும், அது டீச்சருக்கு மட்டும் உள்ள கடமை அல்ல. தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. ஊரில் பேசி முடித்துவைக்க இது வாய்க்கால் தகராறு அல்ல. பிள்ளையின் பெயர், பள்ளி, தெரு எதையும் வெளியே சொல்லக் கூடாது, இங்கேயும் எழுதிவிடாதீர்கள். பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவார்கள் என்று பயப்படுகிறோம். வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கலாம், காக்கி உடுப்பில் வரக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. வந்த எஸ்.ஐ. அம்மா நூல் சேலையில் வந்து, ஓலைப் பாயில் அவளோடு சமமாக உட்கார்ந்தார். அந்தப் பிள்ளை முதலில் கேட்டது, "நீங்க போலீஸ்தானா?"

தொண்டி தம்பி, அந்தப் பையனுக்கும் அதே 1098தான். பெயர் சொல்லாமலும் சொல்லலாம். பஞ்சாயத்தில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உண்டு, தலைவரிடம் கடைசியாக எப்போது கூடினீர்கள் என்று கேளுங்கள். மதினி, நீங்களும் கேளுங்கள்.

தொண்டி தம்பி:
டீச்சர், அவன் இப்போது கரையில் இல்லை. எங்கே என்று விசாரிக்கிறேன். பாசிக்கார அக்கா, நீங்கள் சொன்னது சரி.

பாம்பன் மதினி:
இதை எல்லாம் படித்துவிட்டு நேற்று அந்த வீட்டுக்குப் போனேன். பாசிக்குப் போகிற அன்றைக்குப் பையனை என்னிடம் விட்டுப் போ என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அன்னைக்கு நீங்க வந்துட்டுப் போனது எனக்குத் தெரியும் மதினி. அவன் சொன்னான்" என்றாள்.

நாளை விடியக்காலம் நாலரைக்குக் கொண்டுவந்து விடுகிறாள்.