வெப் ஸ்கிறேப்பிங்: துருவலா, வாரலா, அள்ளலா?

கிளிநொச்சி ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்கு இணையப் பாவனையாளர் உரிமை பற்றி ஒரு கையேடு எழுதுறன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேணும். 'வெப் ஸ்கிறேப்பிங்' எண்டதுக்குத் தமிழ்ச்சொல் தேடி நிண்டுபோனன். இணையத்தளத்தில கிடக்கிற தகவலை நிரல் வைச்சுத் தானாக எடுக்கிறதுதான் அது. ஒரு பெடியன் நாளாந்த மரக்கறி விலையை ஒரு தளத்தில இருந்து தானாக எடுக்க நிரல் எழுதியிருக்கிறான். நான் பலகையில 'சுரண்டல்' எண்டு எழுத, "அப்ப நான் சுரண்டல்காரனோ ரீச்சர்?" எண்டான். வகுப்பே சிரிச்சுது. அவன் சிரிக்கேல்ல.

மல்லாவி ஐயா:
பிள்ளை, துருவல் என்று போடுங்கள். துருவு என்றால் தேங்காய் மட்டுமல்ல, தேடுதலும்தான். 'துருவித் துருவிக் கேட்டான்' என்கிறோமே, அங்கே தேங்காய் எங்கே? இன்னொன்று. மலைபடுகடாத்தில் துருவை என்றால் செம்மறி. நுனி நுனியாய்த் தேடிக் கறிப்பது ஆடு. தேடுதல் என்ற பொருள் அந்த மேய்ச்சலில் இருந்து வந்ததோ என்பது என் நெடுநாள் ஐயம். விரிவாக எழுதுவேன்.

முல்லைத்தீவுத் தம்பி:
ஐயா, ஆட்டைக் கட்டிப்போட்டு வாங்கோ. என்ர சொல் 'வலைவாரல்'. கரைவலை இழுத்தா மடியில மீனும் வரும், நண்டும் வரும், பொலித்தீனும் வரும். கரையில கொட்டின பிறகுதான் தெரிவு. நிரலும் அப்பிடித்தான், பக்கம் முழுக்க இழுத்துப்போட்டு விலையை மட்டும் பிரிச்செடுக்கும். மற்றது ரீச்சர், வரைவில 'பைறசி'யை மொழிபெயர்த்து 'இணையக் கடற்கொள்ளை' எண்டு ஒரு தலைப்புக் கிடக்கு. தயவுசெய்து அதைத் தூக்குங்கோ. கடலில கொள்ளை போறது எங்களுக்கு வேற கதை.

ஒட்டுசுட்டான் அண்ணை:
வாரல் எண்டா எங்கட வீட்டில தலை வாருறது. சனம் சொல்லுறது அள்ளுறது. ஆத்தில மணல் அள்ளுறவனைப் பாருங்கோ. பெர்மிற்றோட அள்ளுறவனும் இருக்கிறான், இரவில லைற்றை நிப்பாட்டிப்போட்டு அள்ளுறவனும் இருக்கிறான். சொல் ஒண்டுதான்.

மல்லாவி ஐயா:
அள்ளல் என்றால் சங்கத் தமிழில் சேறு.

ஒட்டுசுட்டான் அண்ணை:
சேத்துக்கதான் ஐயா ட்ரக்டர் தாழுறது.

வவுனியா அக்கா:
சட்டம் படிச்சவள் எண்டபடியால் ஒண்டு சொல்லுறன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில 8ஆம் பிரிவைப் பாருங்கோ. வெறும் தரவுக்கும் அன்றாடச் செய்திக்கும் பதிப்புரிமை இல்லை. கத்தரிக்காய் விலை வெறும் தரவு. அதே தளத்துக் கட்டுரையை அப்பிடியே எடுத்துத் தன்ர தளத்தில போட்டால் மீறல். எழுதினவர் செத்து 70 வருசம் மட்டும் அந்த உரிமை கிடக்கும். கடவுச்சொல்லை உடைச்சு உள்ளுக்குப் போனால் 2007இன் கணினிக் குற்றச் சட்டம். ஆக்களின்ர தொலைபேசி இலக்கத்தைச் சேர்த்தால் 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேணும். செய்யிற வேலை ஒண்டு, எடுக்கிற பொருளைப் பொறுத்து வழக்கு மாறுது. சொல்லுக்குள்ளயே தீர்ப்பை எழுதி வைச்சால் பிள்ளையள் மிச்சத்தை வாசிக்காதுகள். அதால சுரண்டல் வேண்டாம். அள்ளலிலயும் எனக்கு மணல் வாசம் அடிக்குது.

முல்லைத்தீவுத் தம்பி:
சட்டத்துக்கு முதல் மரியாதை எண்டு ஒண்டு இருக்கு அக்கா. நிரல்கள் எந்தப் பக்கத்துக்கு வரலாம், எதுக்கு வரக்கூடாது எண்டு தளக்காரர் எழுதி வைக்கிற ரொபோட்ஸ் கோப்பு (robots.txt) 1994இல இருந்து வழக்கத்தில இருக்கு, 2022இலதான் முறையான நியமமாச்சுது. அது பூட்டில்லை, சாத்தின படலை. தள்ளினாத் திறக்கும், ஆனாப் படலை சாத்தியிருந்தாக் கூப்பிட்டுப்போட்டுத்தானே போவம்? நிமிசத்துக்கு ஆயிரம் தரம் தட்டினா சேவையகம் படுத்திடும். பிறகு விலை பாக்க வாற கமக்காரனுக்குத்தான் நட்டம்.

மாங்குளம் அண்ணை:
ஏன் இவ்வளவு பாடு? ஸ்கிறேப்பிங் எண்டே எழுதுங்கோ. தொல்காப்பியரே திசைச்சொல்லை விலக்கேல்ல.

கிளிநொச்சி ரீச்சர்:
இஞ்ச ஸ்கிறாப் எண்டாப் பழைய இரும்பு அண்ணை. என்ர வகுப்பில கனபேரின்ர வீட்டில, மீள்குடியேறின காலத்தில ஆரோ ஒராள் இரும்பு பொறுக்கி வித்தவை. நேற்று 'பொறுக்கல்' எண்டு சொல்லிப் பாத்தன், ஒரு பிள்ளை குனிஞ்சிட்டுது. அந்தப் பக்கம் நான் போகேல்ல.

கிளிநொச்சி ரீச்சர்:
வியாழன் இரவு 11 மணி. அக்காவும் துருவல் பரவாயில்லை எண்டிட்டா, மாங்குளம் அண்ணை 'என்னவாவது போடுங்கோ' எண்டிட்டார். கையேட்டில 'இணையத் துருவல்' எண்டு போகுது. கடற்கொள்ளைத் தலைப்பை எடுத்து 'உரிமை மீறிய பிரதி' எண்டு மாத்தினன். பெடியனிட்டச் சொன்னன். "அப்ப நான் தேங்காய்த் திருவலையோ?" எண்டு கேட்டுச் சிரிச்சான்.

ஒட்டுசுட்டான் அண்ணை:
நீங்கள் அச்சில துருவுங்கோ. என்ர மகன் எனக்கு விலை அள்ளித்தான் தருவான்.

மல்லாவி ஐயா:
திருவலை பேச்சு வழக்கு. அச்சில் வந்தால் துருவலை என்று திருத்துக. ஆட்டைப் பற்றி நாளை எழுதுகிறேன்.